படி கழுவும் வாரம்

எஸ்லிங்கன், 18 நவம்பர் 1962

அன்புத் தங்கை லிடியாவுக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். முழங்கால்கள் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் முதுகு எப்படி? ஈரத்துணிக் கூடையைத் தனியாகத் தூக்காதே என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்ததுதான் மிச்சம். காபிப் பொட்டலம் வந்ததா, இல்லை உங்கள் எல்லைக்காரர்கள் காய்ச்சிக் குடித்துவிட்டார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் இருக்கும் உன் அருமை அண்ணன் இந்த வருஷமும் முட்டைக்கோஸ் ஊறப்போட்டிருக்கிறான். ஜாடியைத் தன் வீட்டுக்குள் வைக்க வேண்டியதுதானே? படிக்கட்டு முடியும் இடத்தில் வைத்திருக்கிறான். புளித்த வாடை படியிறங்கி என் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதிர்வீட்டு ராப் அம்மா உள்ளே வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்ன மத்தில்டெ, வீட்டுல பன்னி வளக்குறியா?" என்கிறாள். எனக்கு மானம் போகிறது.

நேரில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். அம்மா செத்த மறுநாள் நான் அவள் அறையைக் கழுவிவிட்டு மெத்தை, தலையணை, ரவிக்கை எல்லாவற்றையும் எரித்ததற்கு, "அம்மா வாசனைகூட இல்லாம தொடச்சுட்டியேடி பாவி" என்று கத்திவிட்டு மாடியேறினான். அதோடு சரி. ஆறு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தவள் அறை எப்படி நாறும் என்று அவனுக்கென்ன தெரியும், அள்ளிக் கொட்டியது நான். இப்போது எங்களுக்குள் போக்குவரத்து, 'படி கழுவும் வாரம்' என்று எழுதிய அந்தப் பலகை ஒன்றுதான். ஒரு வாரம் நான் படி கழுவி, வாசல் பெருக்கி, சனிக்கிழமை சாயங்காலம் அவன் கதவில் மாட்டுகிறேன். மறுவாரம் அவன் செய்து என் கதவில் மாட்டுகிறான். அதில் மட்டும் குறை சொல்ல மாட்டேன், மூலை முடுக்கெல்லாம் துடைக்கிறான்.

வாடை போக என்ன செய்யலாம்? உனக்குத் தெரியாத கைமருந்து கிடையாது.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும் அக்கா,
மத்தில்டெ


ஹாலே, 2 டிசம்பர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகு குளிருக்கு முனகுகிறது, வேலைக்குப் போனால் மறந்துவிடுகிறது. காபி பத்திரமாக வந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தேன், ஒருத்தி அழுதேவிட்டாள். உன் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்.

வாடைக்கு வைத்தியம் சொல்கிறேன். காபிச் சக்கையைக் கொட்டாமல் அடுப்பு மேல் காயவைத்துத் தட்டில் பரப்பிப் படியோரம் வை. சமையலறையில் ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, எலுமிச்சைத் தோல் போட்டுக் கொதிக்கவிடு. எலுமிச்சை இங்கே கண்ணிலேயே படாது, உனக்குக் கிடைக்கும். மரப்படியில் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் பெருக்கு. சோடாவில் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிடாதே, ஓக் மரம் கறுத்துப்போகும்.

ஆனால் அக்கா, இத்தனைக்கும் பதில் மேலே போய்க் கதவைத் தட்டி, "ஏண்டா, ஜாடிய உள்ள வையேன்" என்று ஒரு வார்த்தை கேட்கலாமே? அப்படியே அவன் முகத்தையும் ஒரு தடவை நன்றாகப் பார். படியேறும்போது அவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்றும் கவனி. சும்மாதான் கேட்கிறேன். நாட்டுக்குக் குறுக்கே சுவர் வைத்துவிட்டார்கள், இந்தக் கிழக்குப் பக்கத்திலிருந்து என்னால் வந்து பார்க்க முடியாது. நீ ஒரு மாடிதான் ஏற வேண்டும்.

பிரியத்துடன்,
லிடியா


எஸ்லிங்கன், 16 டிசம்பர் 1962

லிடியாக் குட்டிக்கு,

அண்ணன் கோட்லோப் எழுதுகிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று நீ சத்தியம் செய்து எழுதியதற்கு நன்றி.

போன வாரம் மறுபடி டாக்டரிடம் போனேன். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே மாடிப்படி ஏறாதீங்க, குனிஞ்சு தரை கழுவாதீங்க" என்றார். "நான் குடியிருக்கிறதே மாடியிலங்க, பறந்தா போறது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இதயம் பழசாகிவிட்டதாம். ரஷ்யாவில் கைதியாகக் கிடந்தபோது ஆரம்பித்த கோளாறு என்கிறார்.

என் வாரம் வந்தால் மூன்று படி கழுவுகிறேன், உட்காருகிறேன், பிறகு மூன்று படி. சத்தம் காட்டாமல் செய்தால் அவளுக்குத் தெரியாது. ஏன் சொல்லக் கூடாது என்று நீ கேட்டிருந்தாய். சொன்னால் என் வாரத்தையும் அவளே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள். அவள் முழங்காலை மடக்கும்போது வருகிற முனகல் எனக்கு மேலே வரை கேட்கிறது. அது வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. முட்டைக்கோஸ் ஜாடியை நான் போன மாதமே ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், தூக்கி நகர்த்தத் தெம்பில்லை. அதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் இன்னமும் படியோரம் காபிச் சக்கையும் சோடாவும் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இருந்தாலே அவளுக்கு நாறுகிறது போல.

கிறிஸ்மஸ் வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கோட்லோப்


எஸ்லிங்கன், 3 பிப்ரவரி 1963

அன்புத் தங்கை லிடியாவுக்கு,

இந்தக் குளிரிலும் நான் இன்னும் விறைக்கவில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நெக்கார் ஆறு உறைந்து பிள்ளைகள் அதன்மேல் நடக்கிறார்கள். என் சமையலறைக் குழாயும் உறைந்துவிட்டது, பனியை உருக்கித்தான் பாத்திரம் கழுவுகிறேன். உன் கிறிஸ்மஸ் கடிதம் ஜனவரி பாதியில்தான் வந்தது. உறையைப் பிரித்து ஒட்டியிருக்கிறார்கள், சோடா கரைப்பதில் என்ன ரகசியம் கண்டார்களோ.

முட்டைக்கோஸ் வாடை போய்விட்டது, உன் மருந்து பலித்தது. ஆனால் உன் அண்ணன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை பலகையை அவன் கதவில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் ஆரம்பித்தான் பார். என் தலைக்கு மேலே டொக், டொக் என்று தரையைத் தட்டுகிறான். நான் வானொலியில் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தமாக வைத்துவிட்டேனாம், துரைக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையில் ஓங்கி நாலு இடி இடித்தேன். கப்சிப். திங்கள் காலையில் மறுபடி தட்டினான், இந்தத் தடவை என் வாசல் நடைக்கு மேலே. அதற்கும் நாலு இடி. அதோடு அடங்கினான். ராப் அம்மாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு மேலே ஒரு சத்தமும் இல்லை. வருஷா வருஷம் பிப்ரவரியில் ஹைல்பிரானுக்குப் போவானே, பட்டாளத்துச் சிநேகிதன் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்ட, இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டான் போல. படியையும் கழுவவில்லை, வாசல் பனியையும் தள்ளவில்லை. தெருவே பார்க்கிறது. நான் ஏன் செய்ய வேண்டும்? அவன் வாரம். வந்து அவனே செய்யட்டும்.

கதகதப்பாக இரு.
அக்கா மத்தில்டெ


ஹாலே, 21 பிப்ரவரி 1963

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வழியில் எங்கே கிடந்ததோ.

அக்கா, அண்ணன் ஹைல்பிரானிலிருந்து ஏதாவது எழுதினானா? அவன் கிளம்பிப் போனதை நீயோ ராப் அம்மாவோ கண்ணால் பார்த்தீர்களா? எனக்கு ஜனவரிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. மாதம் ஒன்று எழுதிவிடுவான்.

ஒரு தடவை மேலே போய்க் கதவைத் தட்டிப் பார். காரணம் கேட்காதே. உன் கௌரவத்துக்கு ஒன்றும் வந்துவிடாது. அவன் இல்லையென்றால் நீ ஏறியது யாருக்குத் தெரியப்போகிறது? இருந்தால், லிடியாதான் கேட்கச் சொன்னாள் என்று சொல்லு. பழியை என்மேல் போடு.

பார்த்துவிட்டு அன்றைக்கே எழுது. தபால் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருப்பேன்.

லிடியா


எஸ்லிங்கன், 10 மார்ச் 1963

அன்புத் தங்கை லிடியாவுக்கு,

நான் இருக்கிறேன், முழங்கால்களும் இருக்கின்றன. பனி உருக ஆரம்பித்துவிட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உன் முதுகுக்கும் இனி கொஞ்சம் தேவலையாக இருக்கும்.

நீ பயந்தாங்கொள்ளி, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நான் மேலே ஏறவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பலகை அவன் கதவில் தொங்குகிறது. அது தொங்கும்வரை எனக்கு அங்கே என்ன வேலை? நான் போய் நின்றால், "பாத்தியா, ஆறு வருஷம் கழிச்சு நீதான் வந்த" என்று நினைப்பான். அந்தச் சந்தோஷத்தை நான் அவனுக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆனால் போகிறபோது எதையோ அழுகவிட்டுப் போயிருக்கிறான். பனி உருகியதும் வாடை கிளம்பிவிட்டது. முட்டைக்கோஸ் இல்லை, இது வேறு. தித்திப்பு மாதிரி, கெட்டுப்போன பேரிக்காய் மாதிரி, அடியில் ஒரு குமட்டல். கம்பளிப் போர்வையில்கூட ஒட்டிக்கொள்கிறது. படியடியில் வினிகர்க் கிண்ணங்கள் வைத்தேன். அடுப்புக்கரி வைத்தேன். எலுமிச்சைத் தோல் கொதிக்கவிட்டேன். நான் கழுவ வேண்டியதில்லை என்றாலும் கீழ்ப்படிகளைக் களிம்புச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு மணி நேரம் தாங்குகிறது, திரும்ப வந்துவிடுகிறது. ராப் அம்மா, "பரண்ல எலி செத்துக் கெடக்கும்" என்கிறாள். நேற்று அவள் உள்ளே வரவே இல்லை, வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்விட்டாள்.

மருத்துவமனைத் துணிகளுக்கு என்ன போடுகிறீர்கள்? இதைவிடக் காட்டமாக ஏதாவது சொல்லு. சீக்கிரம் எழுது, சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா மத்தில்டெ


தந்தி
ஹாலே, 18 மார்ச் 1963

மருந்து எதுவும் போடாதே. உடனே பூட்டுக்காரனை அழைத்துக் கதவைத் திற. அண்ணனுக்கு இதய நோய். அவன் ஹைல்பிரான் போகவில்லை. லிடியா.


எஸ்லிங்கன், 26 மார்ச் 1963

லிடியாவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்காமல் ஆரம்பிக்கிறேன், மன்னித்துக்கொள்.

உன் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டுக்காரனைக் கூப்பிடப் போனேன். அவன் ஒரு போலீஸ்காரரையும் அழைத்து வந்தான். மேலே போனோம். உள்ளே நடையில் கிடந்தான். நான் வேறு எதையும் எழுதப்போவதில்லை. இத்தனை நாள் குளிரில் கெடாமல் இருந்ததாம், வெயில் வந்த பிறகுதான்.

டாக்டர் வந்து பார்த்தார். ஒரு நொடியில் போயிருக்கும், விழும்போதே உயிர் இல்லை, கஷ்டமே பட்டிருக்க மாட்டான் என்று சொன்னார். அதை உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பாதிரியார் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பட்டாளத்துச் சிநேகிதன் வந்திருந்தான். "இந்த வருஷம் வரலியேன்னு நெனச்சேன், குளிருக்குப் பயந்துட்டான்னு விட்டுட்டேன்" என்று அழுதான்.

நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்கு இதயக் கோளாறு என்று உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? மூச்சு வாங்குகிறதா பார் என்று டிசம்பரில் எழுதினாயே. அப்போதே தெரிந்திருக்கிறது. எனக்குக் காபிச் சக்கையும் எலுமிச்சைத் தோலும் எழுதத் தெரிந்த உனக்கு இதை ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? தெரிந்திருந்தால் நான் ஏறியிருப்பேன்.

சுகாதார ஆட்கள் வந்து மருந்தடித்துவிட்டுப் போனார்கள். நடைத் தரைப்பலகையில் கறை இருக்கிறது. வாடையும் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

மத்தில்டெ


ஹாலே, 9 ஏப்ரல் 1963

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. மறுநாள் எல்லை தாண்டி வர அனுமதி கேட்டு அலுவலகத்தில் நின்றேன். அண்ணன் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள், "அவர்தான் அடக்கமாயிட்டாரே, இனி என்ன அவசரம்?" என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில். நவம்பரிலிருந்து தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். சொன்னால் அவன் வாரத்தையும் நீயே செய்வாய், உன் முழங்கால் தாங்காது என்று எழுதியிருந்தான். உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, அவன் எழுதியது அதுதான். பிப்ரவரியிலேயே நான் சத்தியத்தை மீறியிருக்க வேண்டும். கடிதத்தை எழுதி முடித்துவிட்டு அந்த வரியைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்காமல் ஒட்டினேன். அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

தரைப்பலகைக்குச் சொல்கிறேன். வெந்நீர் படவே கூடாது, கறை உள்ளே இறங்கிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஒற்றி எடு. காய்ந்ததும் சமையல் சோடாவைக் கெட்டியாக அப்பிவிட்டு இரண்டு நாள் விடு. பிறகு நல்ல மணல் போட்டு மர ரேகை போகும் திசையில் தேய். அதற்கும் போகவில்லையென்றால் அந்தப் பலகையை மட்டும் பெயர்த்துவிடு. எல்லா ஜன்னல்களையும் திறந்து வை. வேறு யாரையாவது வைத்துச் செய், நீ செய்யாதே.

ஒரு நொடியில் போய்விட்டான் என்று டாக்டர் சொன்னது ஆறுதல். அதற்கு மேல் உன்னிடம் நான் எதையும் கேட்கப்போவதில்லை. நீயும் அதையே நினைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

லிடியா


எஸ்லிங்கன், 28 ஏப்ரல் 1963

அன்புத் தங்கை லிடியாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இனி இருப்பது நீ ஒருத்திதான்.

தரைப்பலகையை நானே கழுவினேன். வேறு யாரையும் விடவில்லை. உப்பு, சோடா, மணல் எல்லாம் நீ சொன்ன வரிசைப்படி செய்தேன். கறை பாதி போயிருக்கிறது. குனிந்து தேய்க்கும்போது முழங்கால் உயிரை எடுத்தது, நிறுத்தவில்லை.

நீ எதையும் கேட்கப்போவதில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பிப்ரவரியில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. நீ மறக்கிறவள் இல்லை. தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருக்கிறாய். நீ கேட்டிருந்தால் தேவலை. ஏண்டி இப்படிச் செய்தாய் என்று ஒரு வரி திட்டியிருந்தாலும் தேவலை.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, லிடியா. ஒரு நாளுக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்றார். என் சமையலறைக்கு மேலே, அவன் கட்டில் பக்கத்தில்தான் விழுந்திருக்கிறான். ஒரு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் குதிகாலால் தரையைத் தட்டியிருக்கிறான். குரல் வரவில்லை போலிருக்கிறது. அங்கிருந்து நடை வரைக்கும் போர்வை இழுபட்டுக் கிடந்தது, தவழ்ந்து போயிருக்கிறான்.

நான் இடித்ததும் அடங்கிவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவன் அடங்கவில்லை. கீழேயிருந்து சத்தம் வந்ததும், நான் கேட்டுவிட்டேன் என்று நினைத்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறான்.

இதை எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன் என்று கேட்பாய். பூட்டுக்காரனுக்கு அன்று வேலையே இருக்கவில்லை. கைப்பிடியை அழுத்தினான், கதவு திறந்துகொண்டது. ஆறு வருஷமாக இரண்டு சுற்றுப் பூட்டி வைத்திருந்தவன், நான் வருகிறேன் என்று நம்பித் தவழ்ந்து போய்ச் சாவியைத் திருப்பி வைத்திருக்கிறான்.

மத்தில்டெ